சாவிக்காரன் அழ மாட்டான்

படக்காரிக்கு வயது நாற்பத்தொன்று. வாரப் பத்திரிகை ஒன்றுக்குப் பேய்க்கதைப் படம் போடுவது அவள் வேலை. வாரம் நாலு பக்கம். பக்கத்துக்கு ஆறு கட்டம், சில பக்கத்துக்கு ஏழு. அந்தக் கட்டங்களுக்குள் மூன்று வருஷமாக ஒரே ஒரு ஆள் நடமாடிக்கொண்டிருந்தான். சாவிக்காரன். ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடம், அதில் எல்லா வீட்டுக்கும் அவனிடம் சாவி உண்டு. கதவைத் தட்ட மாட்டான். திறந்துகொண்டு வருவான். வந்து ஒன்றும் செய்ய மாட்டான், சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். மறுநாள் அந்த வீட்டில் ஓர் ஆள் குறையும். அவ்வளவுதான் கதை. ஆனால் படித்தவர்கள் படுக்கப் போகுமுன் தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் படத்தை மட்டும் பார்த்துவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்தார்கள்.

அந்த வேலைக்கு வருமுன் அவள் ஒரு செருப்புக் கம்பெனியில் ஒன்பது வருஷம் செருப்புப் படம் வரைந்தவள். வலது கால், இடது கால், குதிகால் வைத்தது, வைக்காதது என்று வரைந்து வரைந்து கை பழகிப்போயிற்று. அதனால்தான் சாவிக்காரனை முதலில் செருப்பாகத்தான் காட்டினாள். கதவுக்கு அடியில் இரண்டு செருப்பு முனை. முதல் மூன்று வாரம் அவ்வளவுதான். நாலாவது வாரம் முகம் வேண்டும் என்று கதைக்காரர் எழுதி அனுப்பினார். 'பார்த்தாலே வயிற்றைக் கலக்கும் முகம்' என்று ஒரே வரி. அவருக்கென்ன, எழுதிவிட்டார். வயிற்றைக் கலக்கும் முகத்துக்கு அவள் எங்கே போவாள்?

பென்சிலைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். எதிரே மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரைப் பார்த்தாலும் டிக்கெட் எடுக்காதவனைப் பார்க்கிற பார்வைதான். பேப்பரைக் கொஞ்சம் தாழ்த்தி, "என்ன பாக்குற?" என்றார்.

"அப்படியே இருங்க மாமா. அசையாதீங்க."

வேறு மனுஷனாக இருந்தால், 'என்னைப் போய்ப் பேயாக்கிட்டியா' என்று வீட்டை இரண்டாக்கியிருப்பார். இவருக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. அச்சான பக்கத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "காது கொஞ்சம் சின்னதாயிடுச்சு" என்றார். அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை கதை வந்ததும் அவரே பழைய கோட்டை மாட்டிக்கொண்டு பின்னறை ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுவார். எப்படித் தலையைச் சாய்க்க வேண்டும், சாவிக்கொத்தை எந்த விரலில் தொங்கவிட வேண்டும் என்று யோசனை வேறு சொல்லுவார். தெருவில் அவரைக் கண்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எதிர்ப்பக்கம் ஓடின. முடிவெட்டும் கடையில் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. வேலையில் இருந்தபோதுகூட இத்தனை மரியாதை கிடைத்ததில்லை.

வயிறு எரிந்தது மாமியாருக்குத்தான். அவர் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவர். சாவிக்காரனின் கோட்டுக்குப் பொத்தான் போனால் தைப்பது அவர், கிழிந்தால் ஒட்டுப்போடுவது அவர்.

"கோட்டுக்கு ஊசி பிடிக்க மட்டும் நான் வேணும். கூட்டத்துல ஒருத்தியா நிக்கக்கூட நான் லாயக்கு இல்ல, அப்படித்தானே?" என்பார் தையல் இயந்திரத்தை மிதித்தபடி.

"கதையில இடம் வரும்போது சொல்றேன் அத்தை."

"மூணு வருஷமா வராத இடம் இனிமே எங்க வரப்போகுது."

படக்காரியின் கணவன் கப்பலில் சமையல்காரன். வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து, வீட்டில் நடப்பதையெல்லாம் வாயைப் பிளந்து கேட்டுவிட்டுப் போய்விடுவான். ஆக, வீட்டில் இவர்கள் மூன்று பேர்தான். நாலாவதாகச் சாவிக்காரன்.

பத்திரிகையின் அட்டையில் கதைக்காரர் பெயர்தான் கொட்டை எழுத்தில் வரும். படக்காரி பெயர் கடைசிப் பக்கத்தின் அடியில், அச்சகத்தின் முகவரிக்குப் பக்கத்தில், எறும்பு ஊர்வதுபோல ஒரு வரி. அவள் அதற்கு முகம் சுளித்ததில்லை. சாவிக்காரனைப் பார்த்து ஊர் நடுங்குகிறது, அவன் தன் கையிலிருந்து வந்தவன், அது போதும் என்று இருந்தாள்.

வினை கதைக்காரர் ரூபத்தில் வந்தது. பரம சாது. நாயைக் கண்டால் பயம், லிஃப்டில் ஏறப் பயம், ஆறு மாடியானாலும் படிதான். முதல் வருஷம் தான் எழுதிய வில்லனைக் கண்டே பயந்தார், அதனால் கதை நன்றாக இருந்தது. இரண்டாம் வருஷம் பழகிவிட்டது. மூன்றாம் வருஷம் அவன்மேல் பாசம் வந்துவிட்டது. வில்லனைப் பெற்றவனுக்கு வரக்கூடாத வியாதி அது. முதலில் சாவிக்காரனுக்கு ஓர் ஏழைத் தாயைக் கொடுத்தார். அப்புறம் ஒரு காய்ச்சல். அப்புறம் ஒரு பூனைக்குட்டி. பூனைக்குட்டி உள்ளே வந்த வாரமே பயம் வெளியே போய்விட்டது. ஜன்னலில் சாவிக்காரனின் நிழலைக் காட்டினால், 'பூனைக்குட்டி சாப்பிட்டதா?' என்று கடிதம் எழுதுகிறார்கள் ஜனங்கள். எங்கே போய் முட்டிக்கொள்வது?

பூனைக்குட்டிக்கும் ஒரு முடிவு வந்தது. தொடரை இன்னும் எட்டு வாரத்தில் முடித்துவிட வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியரம்மா சொல்லிவிட்டார். அந்த வாரமே கதைக்காரர் புதிதாக ஒருத்தியை இறக்கினார். போர்வைக்காரி. கட்டடத்தின் அடித்தளத்தில் இத்தனை நாளாகப் போர்வையைப் போர்த்திக்கொண்டு இருந்தாளாம். எல்லாச் சாவியும் அவள் கொடுத்ததாம். சாவிக்காரன் செய்ததெல்லாம் அவள் சொல்லித்தானாம். பாவம், அவன் ஒன்றும் அறியாதவனாம்.

படக்காரி அந்த வாரக் கதை எழுதி வந்த இரண்டு தாளையும் கையில் பிடித்துக்கொண்டு நேரே பத்திரிகை அலுவலகத்துக்குப் போனாள். சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே மூன்று அறை. நடு அறையில் கதைக்காரர் சுக்குப்போல உலர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"சார், நூத்திநாப்பது வாரமா இந்தப் பொம்பளை எங்க இருந்தா? கடைக்குப் போயிருந்தாளா?"

"அடித்தளத்துல இருந்தாம்மா. யாருக்கும் தெரியாது. அதுதான் திகில்."

"உங்களுக்கே போன வாரம்தானே தெரிஞ்சுது?"

கதைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பேய்க்கதைன்னா எப்பவும் பின்னால இன்னொருத்தர் இருக்கணும்மா. இல்லேன்னா முடிவு கனமா இருக்காது."

"முன்னால இருக்கிறவன் போதாதா? பயத்தை வாரா வாரம் சேத்தது அவன். அறுவடைக்கு மட்டும் இவ வருவாளா?"

ஆசிரியரம்மா தன் மேஜையிலிருந்து எழுந்திருக்காமலே சுவரைச் சுட்டிக் காட்டினார். அங்கே ஓர் அட்டை தொங்கியது. 'படம் படக்காரிக்கு, பேச்சு கதைக்காரருக்கு. ஒருவர் எல்லையில் மற்றவர் கால் வைக்கக் கூடாது.' அது வந்த கதை வேறு. முதல் வருஷம் அவள் ஒரு வசனத்தைக் கொஞ்சம் மாற்றப்போய், அவர் கோபித்துக்கொண்டு இரண்டு வாரம் எழுதாமல் இருந்துவிட்டார். அன்றிலிருந்து அந்த அட்டைதான் சட்டம். அவள் படம் வரைந்து, பேசுகிற வாய்க்குப் பக்கத்தில் பேச்சுக்கான குமிழை வெறுமையாக விட்டுக் கொடுத்துவிடுவாள். குமிழுக்குள் என்ன என்பது அவர் பாடு. அவள் வரைந்த கோட்டை அவர் தொட மாட்டார்.

வேறு வழியில்லாமல் திரும்பிவிட்டாள். வீட்டில் சொன்னதும் மாமனார் குதித்தார்.

"நூத்திநாப்பது வாரம் நான் நின்னுக்கிட்டே வந்தேன். இவ கடைசி ஸ்டேஷன்ல ஏறிட்டு ஜன்னல் சீட்டு கேக்குறாளா? இறக்கி விடு அவளை!"

இறக்கிவிட முடியுமா? முதல் வாரம் போர்வையால் மூடி ஒப்பேற்றினாள். இரண்டாம் வாரம் முகம் வேண்டும். ராத்திரி பகல் யோசித்தும் ஒரு முகமும் வரவில்லை. கொடுக்க வேண்டிய நாள் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, "இந்தச் சட்டையில மைக்கறைய யார் பண்ணினது?" என்று கேட்டுக்கொண்டு மாமியார் வாசற்படியில் வந்து நின்றார். பேயை வரைகிற அவசரத்தில் ஒருத்திக்கு வரக்கூடிய புத்திதான் அவளுக்கும் வந்தது. கையோடு வரைந்துவிட்டாள். கண், புருவம், உதட்டை மடித்த விதம் எல்லாம்.

பத்திரிகை வந்தது. மாமியார் பக்கத்தைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். மறுபடி பக்கத்தைப் பார்த்தார்.

"இது யாரு?"

"அது வந்து, அத்தை..."

"இவ அவனை அதட்டுறாளா?"

"ஆமா அத்தை. கதைப்படி அவன் எஜமானி."

மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இத்தனை நாள் கழிச்சாவது கதைக்காரருக்குப் புத்தி வந்துதே" என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை கூப்பிடாமலே போர்வையைப் போர்த்திக்கொண்டு பின்னறைக்கு வந்துவிட்டார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், மாமியார் நன்றாகவே நின்றார். படமும் நன்றாக வந்தது. ஆனாலும் ஜனங்களுக்கு ஒட்டவில்லை. வந்த கடிதமெல்லாம் ஒரே பாட்டு: யார் இவள், எப்போது வந்தாள், நம்ம ஆளை ஏன் அதட்டுகிறாள்? முன்பின் தெரியாதவள் எவ்வளவு முறைத்தாலும் யாருக்குப் பயம் வரும்? பயம் என்பது பழக்கத்தில் வருவது. இதில் இரண்டாம் பேச்சே கிடையாது.

எட்டாவது வாரக் கதை வந்தது. கடைசிப் பக்கம் முழுக்க ஒரே கட்டம். கதைக்காரர் எழுதியிருந்தார்: 'சாவிக்காரன் போர்வைக்காரியின் முன் நிற்கிறான். குலுங்கிக் குலுங்கி அழுகிறான். மன்னிப்புக் கேட்கிறான்.'

படக்காரி அதை வாசித்துக் காட்டினாள். மாமனார் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"நான் நிக்க மாட்டேன்."

"மாமா, நாளை மறுநாள் மத்தியானம் பன்னெண்டு மணிக்கு அச்சுக்குப் போயாகணும்."

"போகட்டும். ஊரே என்னைப் பாத்து நடுங்குச்சு. நேத்து வந்தவ முன்னாடி நின்னு நான் மூக்கைச் சிந்தணுமா?"

"நேத்து வந்தவளா? நாப்பத்தஞ்சு வருஷமாச்சு" என்றார் மாமியார் போர்வைக்குள்ளிருந்து.

"நீ சும்மா இரு. நான் கதையில சொன்னேன்."

படக்காரி தாளை மடித்து மேஜைமேல் வைத்தாள். அவள் வரையாவிட்டால் கடைசிப் பக்கத்தைச் சிரிப்புத் துணுக்குக்குப் படம் போடுகிற துணுக்குப் படக்காரரிடம் கொடுத்துவிடுவதாக ஆசிரியரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். துணுக்குப் படக்காரர் வரைகிற முகமெல்லாம் உருளைக்கிழங்கு. மாப்பிள்ளையும் உருளைக்கிழங்கு, மந்திரியும் உருளைக்கிழங்கு. தன் சாவிக்காரன் கடைசியில் ஓர் உருளைக்கிழங்காகி, கண்ணீரும் விட்டுக்கொண்டு போய்ச் சேருவதா? அவள் வரைந்தால் அழுகிற வில்லன், வரையாவிட்டால் அழுகிற உருளைக்கிழங்கு. மூன்று வருஷம் வளர்த்த பயம் ஒரு பக்கத்தில் முடிந்துபோகும். அப்புறம் அவளுடையது என்று சொல்ல என்ன இருக்கிறது?

புதன்கிழமை காலையில் அவள் மாமனார் எதிரில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, முகத்தைக் காட்ட வேண்டாம். முதுகு மட்டும் காட்டுவீங்களா?"

மாமனார் யோசித்தார். "முதுகு அழுதா தெரியுமா?"

"குலுங்கினாத்தான் தெரியும்."

"குலுங்க மாட்டேன்."

"குலுங்க வேண்டாம்."

"அப்ப வரேன்."

ஜன்னலுக்கு எதிரே அவரை முதுகு காட்டி நிறுத்தினாள். அவருக்கு முன்னால் மாமியார், முகம் இந்தப் பக்கம். முதுகுக்கு மேலே தெரிகிற அந்த முகத்தில்தான் இனி எல்லாம். போர்வைக்காரி சாவிக்காரனைப் பார்த்துப் பயப்பட வேண்டும். நேற்று வந்தவள் பயந்தால், நூற்றிநாற்பது வாரப் பயமும் அவனிடமே திரும்பி வந்துவிடும். படக்காரியின் கணக்கு அதுதான்.

"அத்தை, இவரைப் பாத்து நடுங்கணும்."

மாமியார் கணவரை ஏற இறங்கப் பார்த்தார். கோட்டுக் காலருக்கு மேலே பஞ்சு மாதிரி நாலு முடி. பொங்கிவிட்டது சிரிப்பு.

"அத்தை, கொஞ்சம் முயற்சி பண்ணுங்க."

"எங்கம்மா பண்றது? ராத்திரி பல்லி விழுந்துச்சுன்னு கட்டில் மேல ஏறி நின்ன மனுஷன்."

"பல்லி பெருசு" என்றார் மாமனார்.

அரை மணி நேரம் இப்படியே போயிற்று. பயப்படச் சொன்னால் சிரிக்கிறார், சிரிக்காதீர்கள் என்றால் முறைக்கிறார். பென்சில் முனை இரண்டு தடவை உடைந்தது. படக்காரி தலையில் கை வைத்துக்கொண்டுவிட்டாள்.

அப்போது மாமனார் லேசாகக் குனிந்து மாமியார் காதருகில் ஏதோ சொன்னார். படக்காரிக்குக் கேட்கவில்லை. ஆனால் பார்த்தாள். மாமியார் முகத்தில் முதலில் சிரிப்பு நின்றது. அப்புறம் முகம் வெளுத்தது. கண் அகன்று, உதடு பிரிந்து, போர்வையைப் பிடித்திருந்த விரல்கள் துணியை நெஞ்சோடு சேர்த்து இறுக்கின. படக்காரியின் கை தானாக ஓடியது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். முகம் முடிந்துவிட்டது.

உடனே பின்னறையே அதிர்ந்தது.

"யாரைக் கேட்டு வரச் சொன்னீங்க? ஒரு மாசமா? மூணு பேரப்பிள்ளைங்களோடவா?"

மாமியாருக்கு ஒரு தங்கை உண்டு. வந்தால் தையல் இயந்திரத்தைத் தன் இஷ்டத்துக்கு இழுத்துப்போட்டு, வீட்டுச் சாமானையெல்லாம் இடம் மாற்றி வைத்து, போகும்போது எல்லாருக்கும் ஒரு புத்திமதி சொல்லிவிட்டுப் போகிறவள். அவளைக் கடிதம் போட்டுக் கூப்பிட்டுவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறாள் என்று சொல்லியிருக்கிறார் மனுஷர்.

"மாமா, நிஜமாவா?" என்றாள் படக்காரி.

"வரைஞ்சு முடிச்சியா?"

"முடிச்சேன்."

"அப்ப பொய்."

மாமியார் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. படக்காரி சாயங்காலத்துக்குள் மை போட்டு, குமிழைப் பெரிதாக வெறுமையாக விட்டு, பக்கத்தை அலுவலகத்தில் சேர்த்துவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். மாமியார் கழுத்தில் அளவு நாடாவும் கையில் பெரிய கத்தரிக்கோலுமாகப் போய்த் திறந்தார். வெளியே கதைக்காரர். மூன்று வருஷத்தில் அந்த வீட்டுக்கு வருவது அதுவே முதல் தடவை. கையில் கடைசிப் பக்கம். சண்டைக்குத் தயாராக வந்தவர், வாயைத் திறந்தார், எதிரே நிற்கிற போர்வைக்காரியைப் பார்த்தார், வாய் அப்படியே நின்றுவிட்டது.

"யாரு வேணும்?"

"நான்... கதை எழுதறவன்."

"ஓ, நீங்கதானா? உள்ள வாங்க. எட்டே வாரம்தான் குடுத்தீங்க."

கதைக்காரர் சுவரோரமாகவே நடந்து நாற்காலியில் உட்கார்ந்தார். படக்காரி மை படிந்த கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏம்மா, நீ போட்ட கோட்டை நான் தொட மாட்டேன். அது சட்டம். நீயே மாத்திக் குடு. நான் என்ன எழுதினேன்? அவன் அழறான், மன்னிப்புக் கேக்குறான். நீ என்ன வரைஞ்சிருக்கே? அவன் முதுகைக் காட்டுறான், அவ பயந்து சாகுறா. என் வசனம் இந்தப் படத்துக்கு எப்படி ஒட்டும்?"

"நிக்கிறான்னு எழுதினீங்க, நிக்க வெச்சிருக்கேன்."

"அழறான்னும் எழுதினேன்!"

"அவன் அழ மாட்டான் சார்."

"அதை நீ எப்படிச் சொல்லலாம்? அவன் நான் எழுதின ஆளு!"

"மூஞ்சி எங்க வீட்டுது."

அந்த நேரத்தில் உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு மாமனார் வந்தார். பாதிக் கன்னத்தில் சவரச் சோப்பு நுரை, கையில் கத்தி. சத்தம் போடுவது யார் என்று பார்க்க வந்தவர் கதைக்காரரை உற்றுப் பார்த்தார். அவ்வளவுதான். கதைக்காரர் நாற்காலியோடு ஒரு சாண் பின்னால் போனார். நெற்றி முத்து முத்தாக வேர்த்துவிட்டது.

"இவரா?" என்றார் மெல்ல.

"இவர்தான்" என்றாள் படக்காரி.

 கதைக்காரர் கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைப் பார்த்தார், மனுஷரைப் பார்த்தார். பிறகு மாமியார் பக்கம் திரும்பினார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. இந்தப் படத்துல நீங்க நிஜமாவே இவரைப் பாத்துத்தான் பயந்தீங்களா?"

"இவரைப் பாத்தா?" மாமியார் கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தார். "இவரைப் பாத்து என்ன பயம்? இவர் சொன்னதைக் கேட்டுத்தான் குலை நடுங்கிப்போச்சு."

"என்ன சொன்னாரு?"

"அதை நான் சொல்ல மாட்டேன். நினைச்சாலே இன்னும் படபடங்குது."

கதைக்காரர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் நுரையை விரலால் வழித்துக்கொண்டு, "நானும் சொல்ல மாட்டேன்" என்றார்.

கதைக்காரர் எழுந்து அறைக்குள்ளேயே இரண்டு நடை நடந்தார். பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெறுமையாக இருந்த குமிழைக் கட்டை விரலால் மறைத்துப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார், மறுபடி மறைத்தார்.

"ஏம்மா."

"சார்."

"என்ன சொன்னாருன்னு தெரியாததுக்கே எனக்கு இப்படி வேர்க்குது. அப்ப படிக்கிறவங்களுக்கு எதுக்குத் தெரியணும்?" சட்டைப் பையிலிருந்து வசனம் எழுதிய சீட்டை எடுத்து நாலாகக் கிழித்தார். "மன்னிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். பேச்சு என்னோடது, நான் எடுத்துட்டேன். நீ உன் குமிழை எடுத்துடு."

படக்காரி மைப்புட்டியைத் திறந்தாள். மணிக்கட்டை மேஜைமேல் ஊன்றிக்கொண்டாள். அகலமான தூரிகையால் குமிழ் முழுக்கக் கறுப்பை நிரப்பி, அதைச் சாவிக்காரன் தோளுக்குப் பின்னாலிருந்த இருட்டோடு சேர்த்துவிட்டாள். இப்போது பக்கத்தில் ஓர் எழுத்துக்கூட இல்லை. ஒரு முதுகு, ஒரு முகம். கதைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று பின்வாங்கினார்.

"ரெண்டு வருஷமாச்சும்மா, இவனைப் பாத்து எனக்குப் பயம் வந்து" என்றார். குரலில் சந்தோஷம் தெரிந்தது.

"பூனைக்குட்டி?" என்றாள் அவள்.

"அதைப் பத்தி இனிமே யாரும் கேக்க மாட்டாங்க."

மணி பதினொன்றே கால். அச்சகத்துக்கு முக்கால் மணி நடை, மை இன்னும் காயவில்லை. கதைக்காரர் பக்கத்தை இரண்டு உள்ளங்கையிலும் தட்டையாக ஏந்திக்கொண்டார். கைப்பிடியைப் பிடிக்கவும் முடியாது, மூன்று மாடி இறங்க வேண்டும். மாமியார் அளவு நாடாவைக் கழற்றிப் போட்டுவிட்டு முன்னால் நடந்தார்.

"படி பாத்து வாங்க. இதுல ஒண்ணு உடைஞ்சிருக்கு. அடுத்த கதையில நான் எத்தனாவது வாரம் வரேன்?"

"முதல் வாரமே வந்துடுங்கம்மா" என்றார் கதைக்காரர், கண்ணைப் பக்கத்திலிருந்து எடுக்காமல்.